மலைந்த பூ



விழா அரங்கின் வாயிலில் நிற்கும் வரவேற்புக் குழுவினரின் நெஞ்சில் பட்டுநாடாவாற் செய்த சிறு பூவொன்று குத்தப்பட்டிருக்கும். யாரிடம் வழி கேட்பது, யாரிடம் இருக்கை கேட்பது என்பதை வருவோர்க்கு அது சொல்லாமற் சொல்லும். விழா முடிந்ததும் அப்பூ மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை. அத்தகைய அடையாளமே போர்வீரன் தலைமேல் ஏறும்போது வேறு மொழி பேசத் தொடங்குகிறது. இவனைக் காக்கலாம், அவனைக் கொல்லலாம் என்று அது சொல்கிறது.

உலகப் படைகளின் சீருடைகளில் இன்று தொப்பிச் சின்னமும் தோள்பட்டைச் சின்னமும் கையில் தைத்த துணிச்சின்னமும் காணப்படுகின்றன. இவற்றின் வேலையைத் தமிழகத்தில் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்ப் பூக்கள் செய்தன. வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை என்று அப்பூக்களைத் திணைப்பெயர்களாக மட்டுமே மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிடுவது வகுப்பறை வழக்கம். அவை வீரன் உடலில் எங்கிருந்தன, எவ்வாறு இருந்தன, எதன்பொருட்டு இருந்தன என்று நோக்கினால் பழம்பாடல்கள் சில புதுவெளிச்சம் பெறுகின்றன. குறிப்பாக, கோவூர்கிழார் ஒரு முற்றுகையின் நடுவே நின்று பாடியது எத்துணைத் துணிவான சொல் என்பது விளங்குகிறது. அதனைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

கண்ணியும் தாரும்

பூ அணிதலைக் குறிக்கப் பழந்தமிழில் சொற்கள் பல உண்டு. அவற்றுள் கண்ணி தலையிற் சூடுவது. தார் ஆடவர் மார்பில் அணிவது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் பாரதம் பாடிய பெருந்தேவனார், இறைவனுக்குக் கண்ணியும் கொன்றை, மார்பின் தாரும் கொன்றை என்று இரண்டையும் தனித்தனியே கூறுகிறார். தலையும் மார்புமே தொலைவிலிருந்து கண்ணிற்படும் இடங்கள். இன்றைய படைவீரனின் சின்னங்கள் தொப்பியிலும் நெஞ்சிலும் தோளிலும் இடம்பெறுவதற்கும் அதுவே காரணம். அடையாளம் என்பது காண்பவன் பொருட்டு அமைவது. அணிந்தவன் தன் தலைக்கண்ணியைத் தானே காண இயலாது.

அணிதலைக் குறிக்கும் வினைகளுள் ஒன்று ஈண்டு உன்னத்தக்கது. சூடுதல், வேய்தல், மிலைதல் என்பவற்றோடு மலைதல் என்ற சொல்லும் பூச்சூடுதலைக் குறிக்கும். அதே மலைதல், பொருதல் என்ற பொருளையும் தரும். பூவை மலைந்தவனே பகைவனோடும் மலைந்தான். சூடிய கணத்திலேயே போர் தொடங்கிவிட்டது என்பதைத் தமிழ்ச்சொல் தன் இருபொருளால் உணர்த்தி நிற்கிறது.

தொல்காப்பியர் புறத்திணையியலில், வெட்சித் திணையை விரிக்கும் பகுதியிலேயே போந்தை, வேம்பு, ஆர் ஆகிய மூன்றையும் குறிக்கின்றார். போந்தையாகிய பனை சேரர்க்கும், வேம்பு பாண்டியர்க்கும், ஆராகிய ஆத்தி சோழர்க்கும் உரியன. இவற்றை மலைந்தோர் பெருந்தானையினர் என்பதும், பகைகொண்ட வேந்தரிடையே வேறுபாடு தெரிதல் வேண்டியே மலைந்தனர் என்பதும் அவர் தரும் செய்திகள். இரண்டும் இன்றியமையாதவை. முதலாவதாக, இப்பூ அரசன் ஒருவனுக்கு மட்டும் உரிய அணியாக நின்றுவிடவில்லை. படையினர் அனைவர் தலையிலும் இருந்தது. இரண்டாவதாக, அதன் பயன் அழகு கருதியது என்று அவர் கூறவில்லை. யார் யாருடைய ஆள் என்று தெரியவேண்டும் என்பதே பயன்.

இரண்டு அடுக்கு

குடிப்பூ ஒன்று இருக்கத் திணைப்பூ எதற்கு? வீரன் யாருடைய ஆள் என்பதைக் குடிப்பூ சொல்லும். அவன் எவ்வினைமேற் செல்கிறான் என்பதைத் திணைப்பூ சொல்லும். ஆநிரை கவர்தற்கு வெட்சி, மீட்டற்குக் கரந்தை, மண்ணசையாற் படையெடுத்தற்கு வஞ்சி, மதிலை வளைத்தற்கு உழிஞை, காத்தற்கு நொச்சி, களத்தில் நேர்நின்று பொருதற்குத் தும்பை, வெற்றிக்கு வாகை. தொல்காப்பியர் மதிற்போர் முழுவதையும் உழிஞையுள் அடக்க, பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாக்கியது.

இவ்விரு அடுக்கும் ஒரே தலையில் அமைந்ததைப் புறநானூற்று 77ஆம் பாடல் காட்டுகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியது அது. கிண்கிணி கழற்றிய காலில் கழல் ஏறியிருக்கிறது. குடுமி களைந்த தலையில் வேம்பின் தளிரும் உழிஞைக் கொடியும் சேர்ந்து விளங்குகின்றன. வளை கழற்றிய கையில் வில் இருக்கிறது. மார்பில் தார் பூண்டுவிட்டான். எனினும் குழந்தைக்கு இட்ட ஐம்படைத் தாலி இன்னும் களையப்படவில்லை. பால் மறந்து சோறுண்டதே இன்றுதான். வேம்பு அவன் பாண்டியன் என்கிறது. உழிஞை அவன் மேற்கொண்ட போரைச் சொல்கிறது. தாலியோ அவன் சிறுவன் என்கிறது. முதல் இரண்டும் பகைவர் படிக்க அணிந்தவை. மூன்றாவதைப் படித்தவர் புலவர்.

தும்பைப் போரை நோக்கினால் இரண்டாம் அடுக்கின் தேவை இன்னும் தெளிவாகும். எதிரெதிர் நின்று பொரும் இரு படையும் தும்பையே சூடும் என்பது மரபு. இருபுறமும் ஒரே வெண்பூ இருக்க, தன்னவனையும் மாற்றானையும் பிரித்தறிவது எங்ஙனம்? அங்கேதான் வேம்பும் ஆத்தியும் பனந்தோடும் வேண்டப்படுகின்றன. வினை ஒன்றாகும்போது குடியால் வேறுபாடு காண்பர், குடி ஒன்றாகும்போது? இவ்வினாவுக்குக் கோவூர்கிழாரிடம் விடை உண்டு. அதற்கு முன் பிற்காலப் படைகளின் சின்னங்களையும் ஒருமுறை நோக்குதல் நலம். அங்கும் இதே தேவையும் இதே சிக்கலும் எழுந்துள்ளன.

சிவப்புத் துணித்துண்டு

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஒரே நாட்டினர், ஒரே மொழியினர், சில குடும்பங்களில் உடன்பிறந்தாரே எதிரெதிர் நின்ற போர். 1862இல் வடபுலப் படைத்தலைவர் பிலிப் கார்னி, ஒழுங்கின்றி இருந்த அலுவலர் சிலரைத் தம் பிரிவினர் என்று கருதிக் கடிந்துகொண்டார் என்றும், அவர்கள் வேற்றுப் பிரிவினர் எனத் தெரிந்து நாணினார் என்றும் கூறுவர். தம் அலுவலர் அனைவரும் தொப்பியில் சிவப்புத் துணித்துண்டு அணியவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். வீரர்களும் தாமாகவே அதனை அணியத் தலைப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் சாந்தில்லிப் போரில் கார்னி வீழ்ந்தார். துணித்துண்டு வீழவில்லை.

மறு ஆண்டு, 1863இல், படைத்தலைவர் ஹுக்கரின் படை முழுவதற்கும் அம்முறை விரிவாக்கப்பட்டது. ஒவ்வொரு பெரும்படைப் பிரிவுக்கும் ஒரு வடிவம்: ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்கு மூவிலை, ஒன்றுக்குப் பிறை, ஒன்றுக்கு விண்மீன். அப்பிரிவுக்குள் அடங்கிய உட்பிரிவுகளுக்கு நிறங்கள்: முதலாவதற்குச் சிவப்பு, இரண்டாவதற்கு வெள்ளை, மூன்றாவதற்கு நீலம். வடிவம் ஓரடுக்கு, நிறம் மற்றோரடுக்கு. வேம்பொடு உழிஞை மிலைந்த அதே அறிவு துணியிலும் தொழிற்பட்டது. தேவை ஒன்றாயின் மனிதர் காணும் வழியும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது.

யானையும் தலைப்பாகையும்

இந்தியப் படையில் சின்னங்களின் வரலாறு ஆட்சிகளின் வரலாறாகவும் இருக்கிறது. நாடு குடியரசான 1950இல் பிரித்தானிய முடி சின்னங்களிலிருந்து நீங்கியது. மேஜரின் தோள்பட்டையில் முடி இருந்த இடத்தில் அசோகர் சிங்கம் அமர்ந்தது. முடி போயிற்று, ஆயினும் பழைய நினைவுகள் அனைத்தும் போய்விடவில்லை. நீலகிரியின் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இன்றும் ஒரு யானை நிற்கிறது. அதனை அசாயே யானை என்பர். 1803 செப்டம்பர் 23இல், இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள அசாயே என்னும் ஊரில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படை மராத்தியரை வென்றது. அப்படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் பெருந்தொகையினர். இந்நாட்டார் இருபுறமும் நின்று மாண்ட களத்தின் நினைவு தொப்பியின்மேல் யானையாக நின்றுவிட்டது.

அந்த யானைச் சின்னத்தைப் பெற்ற பிரித்தானியப் பிரிவுகளுள் 19ஆம் இலகு குதிரைப்படையும் ஒன்று. அப்படையே மூன்றாண்டு கழித்து, 1806 சூலை 10ஆம் நாள் காலையில், ஆர்க்காட்டிலிருந்து வேலூருக்கு விரைந்தது. அசாயேயில் சென்னைச் சிப்பாய்களோடு ஓரணியில் நின்ற குதிரைப்படை, வேலூர்க் கோட்டைக்குள் சென்னைச் சிப்பாய்களையே வெட்டி வீழ்த்தியது.

வேலூரில் எழுந்த நெருப்புக்கு முதற்பொறி சீருடையே. தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் காலத்தில் வந்த ஆணைகள், சிப்பாய்கள் சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதில் கடுக்கன் அணியலாகாது, தாடியை மழிக்கவேண்டும் என்றன. தோலாலான குச்சம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணியவேண்டும் என்றன. அது வெள்ளையர் தொப்பியை ஒத்திருந்தது. மதம் மாற்றும் சூழ்ச்சி என்று இந்துக்களும் இசுலாமியரும் ஒருசேர அஞ்சினர். மே மாதமே மறுப்பு எழுந்தது. மறுத்தோர்க்குக் கசையடி தண்டனையாயிற்று. சூலையில் கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. ஐரோப்பியர் நூற்றுக்கு மேற்பட்டோரும், பின்னர்ச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கினரும் மாண்டனர். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் மக்கள், ஊதியக் குறைகள் எனப் பிற காரணங்களையும் வரலாற்றாசிரியர் காட்டுவர். எனினும் ஆணைகள் திரும்பப் பெறப்பட்டதும், ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டதும் முதற்பொறி எது என்பதற்குச் சான்றாகும்.

ஒரு குச்சத்துக்காகவா இத்தனை உயிர் என்று வினவுவார் உண்டு. நெற்றிக்குறியும் கடுக்கனும் அச்சிப்பாய் தன் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அடையாளங்கள். அவற்றை அழித்துவிட்டு அவ்விடத்தில் மற்றோர் அடையாளத்தை ஏற்றுவது, நீ இனி உன் வீட்டான் அல்லன் என்று சொல்வதாகும். நெடுஞ்செழியனின் தார் மார்பில் ஏறியபோது ஐம்படைத் தாலியை எவரும் அறுத்தெறியவில்லை. புதிய சின்னத்தின் அருகே பழைய சின்னத்துக்கும் இடம் இருந்தது. வேலூரில் அவ்விடம் மறுக்கப்பட்டது.

பருந்து கொண்ட பூ

தாமே விரும்பிச் சூடிய பூவுக்கு இத்துயரம் இல்லை என்றும் கூறிவிட இயலாது. நொச்சியைப் பற்றிய இரு பாடல்கள் புறநானூற்றில் அடுத்தடுத்து நிற்கின்றன. 272ஆம் பாடலில் மோசிசாத்தனார் நொச்சி மரத்தையே விளித்துப் பேசுகிறார். மரங்கள் பலவற்றுள்ளும் அன்பு பெறத்தக்கது அதுவே. மனையில் மகளிர் இடையில் தழையாவதும் அது, ஊர் காக்கும் வீரன் தலையில் கண்ணியாவதும் அது என்பது அவர் கருத்து. அதற்கு முந்திய பாடலின் ஆசிரியர் வெறிபாடிய காமக்கண்ணியார் என்னும் பெண்பாற் புலவர். அவர் கண்டது வேறு. முன்பு மகளிர் இடையில் தழையாகக் கண்ட அதே நொச்சி, இப்போது குருதியிற் கலந்து உருமாறித் துண்டுபட்டுக் கிடக்கிறது. அதனை ஊன் என்று கருதிய பருந்து கவ்விக்கொண்டு மேலெழுகிறது. வீரன் அதனை மலைந்தமையால் நேர்ந்தது இது என்று பாடல் முடிகிறது.

வேறுபாடு தெரியவேண்டும் என்பதற்காகச் சூடிய பூ, இறுதியில் பூ என்றுகூடத் தெரியாமற் போயிற்று. வீரன் உடலைப் பற்றி அப்புலவர் ஒரு சொல்லும் கூறவில்லை. பூவுக்கு நேர்ந்ததைக் கூறினார். உடலுக்கு நேர்ந்தது தானே விளங்குகிறது. படைச் சின்னம் பற்றிய இலக்கியத்துள் இதனினும் சுருக்கமான துயரம் அரிது.

இரு கண்ணியும் ஆத்தி

இனி முன்னர் எழுந்த வினாவுக்கு வருதல் தகும். உறையூர்க் கோட்டைக் கதவு அடைபட்டிருக்கிறது. உள்ளே சோழன் நெடுங்கிள்ளி. வெளியே முற்றியிருப்பவன் சோழன் நலங்கிள்ளி. கோவூர்கிழார் இருவரையும் நோக்கிப் பாடுகிறார். புறநானூற்று 45ஆம் பாடல் அது.

மதிலை வளைத்தவனுக்கு உழிஞை உரியது. அடைத்திருந்தவனுக்கு நொச்சி உரியது. போர் இலக்கணப்படி நோக்கினால் இருவர்க்கும் வேறுவேறு பூ உண்டு. அவற்றைச் சுட்டி ஒருவனை வாழ்த்துவது எளிது, பரிசிலும் கிட்டும். கோவூர்கிழார் அவ்விரு பூவையும் பற்றிப் பேசவேயில்லை. அவர் கண் குடிப்பூவின்மேற் படிகிறது. உன் எதிரே நிற்பவன் பனந்தோடு சூடியவன் அல்லன். வேம்பு சூடியவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று எண்ணிக் காட்டுகிறார். இருவரும் வெல்லுதல் இயற்கையில் இல்லை. எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்கிறார். இப்பூசலால் உடல் பூரிப்பவர் உங்களை ஒத்த பிற வேந்தரே என்றும் எச்சரிக்கிறார். இப்பாடலைத் துணைவஞ்சித் துறையில் வைத்தனர் முன்னோர்.

இங்கு நிகழ்ந்திருப்பது என்ன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொல்காப்பியர் கூறியபடி, பகைவேந்தரிடையே வேறுபாடு தெரிவதற்கென்று அமைந்தது குடிப்பூ. அதே பூவைக் கையிலெடுத்து, வேறுபாடு இல்லை என்பதற்குச் சான்றாக்கிவிட்டார் கோவூர்கிழார். பகையைக் காட்ட வந்த அடையாளம் உறவைக் காட்டி நின்றது. அறவுரை பலவற்றை அடுக்காமல், கேட்போர் தலையில் இருந்ததையே கேட்போர்க்குக் காட்டினார். தம் கண்ணியைத் தாமே காண இயலாத இருவருக்கும் எதிரே கண்ணாடி பிடித்தார் எனலாம்.

பூச்சூடாதவன்

இதே இருவர் பகைக்கிடையே மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்னும் புலவன் உறையூர் வருகிறான். ஒற்றனாக வந்தான் என்று எண்ணி நெடுங்கிள்ளி அவனைக் கொல்லப் புகுகிறான். அப்போதும் இடைநின்று பாடியவர் கோவூர்கிழாரே. பறவைபோல் நெடுவழி கடந்து, பாடிப் பெற்றதைச் சுற்றத்துக்கு ஊட்டி, எஞ்சவைக்காமல் உண்டு, பிறர்க்கும் வழங்கி வாழும் பரிசில் வாழ்க்கையால் யாருக்குத் தீங்கு என்று 47ஆம் பாடலில் அவர் வினவுகிறார். இளந்தத்தன் உயிர் பிழைத்தான்.

போர்க்காலத்தில் எந்தப் பூவையும் மலையாதவன்மேல் இருபுறமும் ஐயுறும். எதிரியின் பூவைச் சூடியவனைக் காட்டிலும் அவன் அச்சம் தருபவனாகிறான். அவனைப் படிக்கும் முறை படைகளுக்குத் தெரியாது. இளந்தத்தன் தலைமேல் வாள் ஓங்கியது அதனாலேயே. கோவூர்கிழார் அவ்விடத்தில் அச்சமின்றி நின்றார். நலங்கிள்ளியையும் பாடினார், நெடுங்கிள்ளியையும் பாடினார், இருவர்க்கும் பிடிக்காத உண்மையை இருவரிடமும் கூறினார்.

அவர் சொல் பயன் தந்ததா? ஒரு புலவன் உயிர் மீண்டது. குடியின் பூசல் அவ்வாறு முடிந்ததாகத் தெரியவில்லை. அந்த 47ஆம் பாடலின் குறிப்பே நெடுங்கிள்ளியைக் காரியாற்றுத் துஞ்சியவன் என்றுதான் கூறுகிறது. அவன் கட்டிலில் மாளவில்லை. காரியாற்றங்கரையில் வீழ்ந்தான் என்பர். அவன் தலைக்கண்ணி ஆத்தியாகவே இருந்திருக்கும். பாடல் போரை நிறுத்திவிடும் என்று உறுதி கூற இலக்கிய வரலாறு இடந்தரவில்லை. ஆனால் போரிட்ட இருவரும் ஒரே பூவைச் சூடியிருந்தனர் என்பதை இன்றும் உலகம் அறிவது அந்தப் பாடலாலேயே. நலங்கிள்ளியின் மதிலும் இல்லை, தேரும் இல்லை. சான்று மட்டும் நிற்கிறது.

கவிஞர் பெருமக்களே, சின்னங்கள் இல்லாத உலகம் விரைவில் வந்துவிடாது. படைகள் தொப்பியில் அணியும். கட்சிகள் துண்டில் அணியும். சாதிகள் பெயரில் அணியும். அவற்றை வெறுத்து ஒதுக்குவதால் பயனில்லை. தாமும் ஒன்றை அணிந்துகொண்டு அணியிற் சேர்ந்துவிடுவது பாட்டுத் தொழிலும் ஆகாது. எதிரெதிர் நிற்போர் தலையில் உள்ளவற்றை இடைநின்று படித்துச் சொல்லும் பணி ஒன்று கோவூர்கிழார் காலமுதல் புலவர்க்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அப்பணிக்கு ஆட்களை வளர்த்துத் தருமாயின், விழா முடிந்து இழுப்பறைக்குள் செல்லும் அந்தப் பட்டுநாடாப் பூவுக்கும் ஒரு பொருள் உண்டாகும்.